பயிற்சி இல்லாத பின்னேரங்கள்

கரப்பந்து பழக்கும் யூஜினி மிஸ் வராததை முதல் நாள் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. தலவிலையிலிருந்து வரும் பஸ் பிந்தியிருக்கும் என்று நினைத்து வலையைக் கட்டினார்கள், மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள், பிறகு மணலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அடுத்த நாளும் மிஸ் வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் அணித்தலைவி ஸாஜிதா கல்லூரித் தலைவரான பீடாதிபதியின் அறைக்குப் போய்க் கேட்டாள்.

"அவ இனி வரமாட்டா. வேற ஆளப் பாக்கிறோம்" என்றார் பீடாதிபதி. பிறகு மேசையிலிருந்த கோப்பைத் திறந்தார்.

ஆசிரியைகளாகப் போகிற பெண்கள் தங்கிப் படிக்கும் கல்லூரி அது. கற்பிட்டி, புத்தளம், உடப்பு என்று பல ஊர்ப் பிள்ளைகள் கரப்பந்து அணியில் இருந்தார்கள். ஸாஜிதா கற்பிட்டிக்காரி, கடைசி ஆண்டு மாணவி. அணியில் அவள் செட்டர். முதலில் ஒருத்தி வாங்கும் பந்தை இரண்டாவதாகத் தொட்டு, அடிக்கிறவளுக்கு வாய்ப்பாகத் தூக்கிவிடுகிறவள். போன வருடம் மாகாணத்தில் இரண்டாமிடம் வந்திருந்தார்கள். இந்த வருடம் முதலிடம்தான் என்று சமையலறை ஆட்கள்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ்ஸ நீக்கிட்டாங்க" என்று அன்றிரவு விடுதியில் யாரோ ஒருத்தி சொன்னாள். யார் முதலில் சொன்னது என்று பிறகு ஒருவருக்கும் ஞாபகமில்லை. காலையில் எல்லோரும் அதை நம்பினார்கள். எதற்காக நீக்கினார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது.

புதிதாக வந்தவர் அஸ்ஜத் சேர். இளைஞர், குருநாகலில் உள்ளரங்குகளில் ஆடிப் பெயர் எடுத்தவர். முதல் நாளே பந்தை உயரத் தூக்கச் சொன்னார்.

"சேர், இந்த மாசம் சோளகக் காத்து. உசரத் தூக்கினா பந்து நிக்காது" என்றாள் ஸாஜிதா.

"காத்துக்குப் பயந்து விளையாடினா எப்பயும் மாகாணத்தோடதான் நிப்பீங்க."

அவள் தூக்கினாள். பந்து களப்பு நீர்ப் பக்கமாக மிதந்து போயிற்று. அடிக்கப் பாய்ந்த உடப்புப் பிள்ளை வெறுங்கையை வீசிவிட்டு இறங்கினாள். ஒரு வாரம் இப்படியே போன பிறகு சேர் ஸாஜிதாவைச் செட்டர் இடத்திலிருந்து மாற்றி வலையோரம் அடிக்க நிறுத்தினார். அவளுக்கு அந்த உயரம் இல்லை. தடுக்கப் போனதில் வலதுகை நடுவிரல் சுளுக்கி வீங்கியது. ஆனாலும் சேர் கெட்டவர் இல்லை. தானே ஐஸ் வாங்கி வந்து கொடுத்தார். மெல்ல மெல்லக் காற்றையும் படித்துக்கொண்டார். ஸாஜிதாவை மறுபடி செட்டராக நிறுத்திய வாரம்தான் அவருக்குக் கட்டாரில் வேலை சரிவந்தது. வாட்ஸப்பில் அணிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. "மன்னிச்சிக்கோங்க புள்ளைகள். எனக்கு வேற வழி இல்ல. துஆ செய்ங்க."

மூன்றாவதாக, கணித விரிவுரையாளர் மின்ஹாஜ் சேரைப் பொறுப்பாகப் போட்டார்கள். அவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்.

"எனக்கு இந்த விளையாட்டுத் தெரியாது. மேலால சொல்லிட்டாங்க, அதால வந்தேன். நீங்க விளையாடுங்க, நான் இஞ்ச இருக்கேன்" என்றார்.

முதல் சில நாட்கள் அவர்களாகவே விளையாடினார்கள். பிறகு யார் எங்கே நிற்பது என்று வாக்குவாதம் வந்தது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வராமல் விட்டார்கள். ஆறு பேர் சேராத நாட்களில் வலை கட்டவில்லை. ஒருநாள் ஸாஜிதாவுக்கு ஓராண்டு கீழே படிக்கும் சிபானா, மின்ஹாஜ் சேரின் கதிரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, புள்ளிவிவரப் பாடத்தில் விளங்காத ஒரு கணக்கைக் கேட்டாள். சேரின் முகம் மலர்ந்துவிட்டது. மணலில் குச்சியால் கீறி விளக்கினார். அடுத்த நாள் நாலு பேர் கொப்பியோடு வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் மைதானம் வகுப்பறையாகிவிட்டது. பந்துகள் பையிலேயே காற்றிறங்கிக் கிடந்தன.

சிலாபத்தில் நடந்த போட்டியில் முதல் ஆட்டத்திலேயே நேர் செட்களில் தோற்றார்கள். ஸாஜிதா தூக்கிய பந்துகளுக்கு அடிக்க ஆள் சரியான இடத்தில் இல்லை; ஆள் நின்ற இடத்துக்கு அவளால் தூக்க முடியவில்லை. கடைசிப் புள்ளி போனபோது யாரும் அழவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். ஸாஜிதா மட்டும் விழித்திருந்தாள். மாகாண அணிக்குத் தெரிவாகும் ஆசை அவளுக்கு இருந்தது. அதற்கு இனி வழியில்லை என்று தெரிந்தும் பெரிதாக ஒன்றும் தோன்றாததுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பரீட்சைப் பெறுபேறுகள் வந்தன. கல்லூரியின் விளையாட்டு அணிகளில் கூடிய சராசரிப் புள்ளி எடுத்த அணிக்கு வருடாவருடம் ஒரு கல்விக் கேடயம் கொடுப்பார்கள். கரப்பந்து அணி அதுவரை கடைசி இடத்தைத்தான் பிடித்து வந்தது. அந்த வருடம் முதலிடம்.

பரிசளிப்பு விழாவில் பீடாதிபதி நீளமாகப் பேசினார். விளையாட்டும் கல்வியும் ஒரு வண்டியின் இரண்டு மாடுகள் என்றும், அதற்கு இந்தப் பிள்ளைகளே உதாரணம் என்றும் சொன்னார். பெற்றோர் கை தட்டினார்கள். அணியின் சார்பில் இரண்டு வார்த்தை பேச ஸாஜிதாவைக் கூப்பிட்டார்கள். அவள் எழுதி வந்ததெல்லாம் நன்றி மட்டும்தான். ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றதும், அதை வாசிக்கிற தெம்பு அவளிடம் இல்லை.

"கேடயத்துக்கு நன்றி" என்றாள். "ஆனா உண்மையச் சொல்லணும். இந்த வருசம் எங்களுக்கு மூணு பேர் மாறினாங்க. கடைசியில பயிற்சி தர ஆள் இருக்கல்ல. பின்னேரத்துல செய்ய வேற வேலை இல்லாததால படிச்சோம். மின்ஹாஜ் சேர் நல்லாச் சொல்லித் தந்தாங்க. அடுத்த வருசப் புள்ளைகளுக்குப் படிப்பும் வேணும், பயிற்சி தர ஒரு ஆளும் வேணும். அவ்வளவுதான்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். மின்ஹாஜ் சேர் தலையைக் குனிந்துகொண்டார். பீடாதிபதி மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

"ஆள் வேணும்னு சொன்னீங்க. உங்களுக்குப் பாடசாலை நியமனம் வரும் வரைக்கும் நீங்களே வந்து பழக்குங்க. விடுதியில அறை தாறோம்."

வீட்டுக்கு வந்து உம்மா ஜெய்னம்புவிடம் சொன்னபோது, கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "படிப்பு முடிஞ்சா கொஞ்சம் ஆறுதலா இருப்பேன்டு சொன்னாய். உன்ட மொகத்தப் பாரு, நோயில கெடந்து எழும்பின ஆள் மாதிரி."

"நான் ஓம்னு சொல்லல்ல உம்மா. யூஜினி மிஸ்ஸக் கேட்டுப் பாக்கப் போறேன். அவங்க திரும்பி வந்தா எல்லாம் சரியாகிடும்."

தலவிலையில் மிஸ்ஸின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. மிஸ் வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஸாஜிதாவைக் கண்டதும் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"வா பிள்ளை, உள்ள வா" என்றார். தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"உங்கள நீக்கினது பிழை மிஸ். நாங்க எல்லாரும் சேந்து பீடாதிபதியிட்டச் சொல்றோம்" என்றாள் ஸாஜிதா.

"நீக்கினதா? ஆர் சொன்னது?" மிஸ் கதிரையில் சாய்ந்தார். "என்னை ஒருத்தரும் நீக்கயில்லை. நான்தான் வராம நிண்டனான்."

ஸாஜிதா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுப்போட்டு, பின்னேரம் உங்கட கல்லூரிக்கு பஸ். வீட்ட வர இருட்டிப் போடும். எத்தினையோ வருசம் அப்பிடி. ஒருநாள் பஸ் வந்து நிண்டிது, நான் ஏறயில்லை. ஒரு காரணமும் இல்லை பிள்ளை. கால் எழும்பயில்லை."

"சொல்லிட்டாவது போயிருக்கலாமே மிஸ். நாங்க வலையக் கட்டிட்டுப் பாத்துக்கொண்டு இருந்தோம்."

"ஓம். சொல்லியிருக்க வேணும்." மிஸ் அவளை நேராகப் பார்த்தார். "உங்கட முகத்தைக் கண்டா அடுத்த நாளும் வந்திருப்பன். அந்தப் பயத்திலதான் ஃபோனையும் எடுக்கயில்லை. செய்தது சரியில்லை."

ஸாஜிதாவுக்குக் கோபம் வந்தது. தேநீரை முடிக்கும்வரை அது இருந்தது. போட்டியில் தோற்றதையும் கேடயம் கிடைத்ததையும் சொன்னபோது மிஸ் வாய்விட்டுச் சிரித்தார், அவளும் சிரித்தாள். மிஸ்ஸின் கண்ணுக்குக் கீழே முன்பிருந்த கருமை குறைந்திருந்தது. திரும்பி வாருங்கள் என்று கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்கவில்லை.

அடுத்த கிழமை மைதானத்துக்குப் போனாள். புதிதாகச் சேர்ந்தவர்களும் பழையவர்களும் வரிசையாக நின்றார்கள்.

"நான் இங்க நிக்கப் போறது நியமனம் வரும் வரைக்கும்தான்" என்றாள். "எப்ப வரும்னு தெரியாது, வந்தா அடுத்த நாளே போயிடுவேன். அதால நான் சொல்லித் தாறத நீங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுக்கப் பழகணும். இந்தக் கிழமை நான் நடத்துறேன். அடுத்த கிழமை சிபானா நடத்துவா."

"நானா ராத்தா?" என்றாள் சிபானா.

"நீதான். பிழைச்சாப் பிழைக்கட்டும்."

சிபானாவின் முதல் வாரம் எல்லாமே பிழைத்துப் போயிற்று. அவள் கத்தினாள், ஒருவரும் கேட்கவில்லை, அழுதுகொண்டு விடுதிக்குப் போனாள். ஸாஜிதா பின்னால் போய்த் தேற்றவில்லை. அவளுக்கே அலுப்பில் உடம்பு முடியாமல் இருந்தது. மறுநாள் சிபானா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி தொடங்கினாள். அதற்குப் பிறகு உடப்புப் பிள்ளை நடத்தினாள், பிறகு இன்னொருத்தி. படிப்புக்கு மின்ஹாஜ் சேர் சனிக்கிழமைகளில் தானாகவே வந்தார். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

நியமனம் வந்தபோது வாடைக்காற்று தொடங்கியிருந்தது. அநுராதபுரப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலை. விடைபெறப் போன அன்று பிள்ளைகள் பயிற்சியை நிறுத்தவில்லை. சிபானா மட்டும் ஓடி வந்தாள். "போயிட்டு வாங்க ராத்தா" என்று சொல்லிக் கட்டிப்பிடித்துவிட்டு, வேர்வையோடு திரும்பி ஓடினாள். ஸாஜிதாவுக்குக் கொஞ்சம் வலித்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அந்த வலியும் போய், உடம்பு லேசாக இருந்தது.

அந்த வருடமும் சிலாபத்தில் தோற்றார்கள். ஆனால் ஒரு செட்டை வென்றிருந்தார்கள். சிபானா தொலைபேசியில் அந்த ஒரு செட்டைப் பற்றி மட்டும் மூச்சுவிடாமல் சொன்னாள். அடுத்த செட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "அத விடுங்க ராத்தா" என்றாள்.

புதிய பாடசாலையின் அதிபர் கொஞ்ச நாளில் விசயத்தைக் கேள்விப்பட்டுவிட்டார். "டீச்சர், நீங்க கரப்பந்து பழக்கினவங்களாமே? எங்கட புள்ளைகளுக்கும் ஒரு அணி போட்டா என்ன? நாளைக்கே தொடங்கலாம்."

"செய்றேன் சேர்" என்றாள் ஸாஜிதா. "ஆனா நாளைக்கு இல்ல. அடுத்த தவணையில இருந்து. கிழமையில ரெண்டு நாள்தான் வருவேன், என்னோட சேந்து பழக்க இன்னொரு டீச்சரும் வரணும்."

அதிபர் யோசித்துவிட்டுச் சரி என்றார். அன்று பாடசாலை விட்டதும் அவள் ஆசிரியர் விடுதி அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, பாயை விரித்துப் படுத்தாள். அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டு எழும்பும்வரை அசையவில்லை.