வி.என். வைத்த எழுத்து

வெரா நிமி கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தபோதே மடியிலிருந்த தாளில் 'நீக்கலாம்' என்று எழுதியிருந்தாள்.

டுலூத் கல்லூரியின் எக்ஸ்ரே படிப்புக்கு அவள்தான் தலைவி. பனி உருகியதும் உரிமத் தேர்வு. ஆசிரியை டெல்ஃபின் வாரத்தில் ஒரு மணி நேரத்தை வெறும் எக்ஸ்ரே படம் பார்ப்பதில் கழிக்கிறாள் என்று கேள்வி. அந்த நேரம் தேர்வுப் பயிற்சிக்குப் போக வேண்டும்.

டெல்ஃபின் ஒரு மார்புப் படத்தைத் திரையில் போட்டாள். பெயர் இல்லை, வயது இல்லை. ஒரே விதி: நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. கண்ணில் பட்டதைச் சொல்லலாம்.

இதயம் வலப்பக்கம் இருந்தது. திருப்பிப் போட்டுவிட்டாளே! வெரா எழுந்தாள். அதற்குள் மாணவன் டரெல் முந்திக்கொண்டான்.

"படம் திரும்பியிருக்கு."

"எத வெச்சு சொல்றே?" என்றாள் டெல்ஃபின்.

"இதயம் அந்தப் பக்கம் இருக்கே."

"சரி. வேற?"

அதற்குமேல் அவள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தில் வெராவாக இருந்தால் மூன்று முறை விடை சொல்லியிருப்பாள்.

"எழுத்து திரும்பலையே," என்றாள் முன்வரிசை மாய்.

படத்தின் ஓரத்தில், எடுக்கும்போதே பக்கம் காட்ட வைக்கும் ஈய எழுத்துகள் வெள்ளையாகத் தெரிந்தன. இடப்பக்கத்துக்கு 'எல்'. அதனடியில் படம் எடுத்தவரின் முதலெழுத்துகள், 'வி.என்.'

"படம் திரும்பினா எழுத்தும்ல திரும்பணும்?"

"அப்போ அந்த வி.என். தூக்கக் கலக்கத்துல எழுத்தப் பக்கம் மாத்தி வெச்சிருக்கும்," என்றான் டரெல். வகுப்பு சிரித்தது.

வெராவுக்குக் காது சுட்டது. உட்கார்ந்துவிட்டாள். அவை அவளுடைய எழுத்துகள். எக்ஸ்ரே எடுத்த பதினேழு வருடமும் சட்டைப்பையில் சுமந்தவை. இந்தப் படம் நினைவில்லை. மாற்றித்தான் வைத்திருந்தாளோ?

"இருக்கலாம்," என்றாள் டெல்ஃபின். "மாத்தி வெச்சிருந்தா கூடவே வேற என்ன மாறியிருக்கும்?"

மாய் எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தாள்.

"இந்தக் கறுப்பு, இரைப்பைக் காத்து. இது எப்பவும் இடப்பக்கம்தானே? எல் பக்கமே இருக்கு. எழுத்து மாறியிருந்தா இதயத்தோட இதுவும் சேந்துல்ல மாறணும்? இதயம் மட்டும்தான் தனியாப் போயிருக்கு."

டரெல் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்போ படம் சரி. அந்த ஆளுக்கே இதயம் வலது பக்கமா? யப்பா!"

"வி.என். பொழச்சாங்க," என்றது ஒரு குரல்.

"பொழச்சேன்," என்றாள் வெரா. எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. "அன்னிக்கு முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

டரெல் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சத்தியமா உங்க படம்னு தெரியாது," என்றாள் டெல்ஃபின்.

"எனக்கே தெரியலியேம்மா. அடுத்த வாரம் என்ன படம்?"

"சொல்லிட்டா எப்படி? வந்து பாருங்க."

வெரா தாளை எடுத்தாள். இரண்டே எழுத்தைத் திருத்தினாள்.

நீட்டலாம்.