பேச்சியை இறக்கிய வழி

சுடலையின் மனைவி பேச்சி செத்த அன்று விடாத மழை. மேட்டு வீட்டிலிருந்து கீழே வரும் சுற்றுப்பாதை சரிந்து கிடந்தது. பிணத்தை இறக்க வழியில்லை. கீழ்வீட்டு மக்பூல் அரிவாளை எடுத்துத் தன் தேயிலைச் செடிகளில் ஒரு வரிசையை வெட்டிச் சாய்த்தார். பேச்சி அந்த வழியாகப் போனாள். பிறகு மேட்டுக்காரர்கள் எல்லாரும் அதிலேயே நடந்தார்கள். மக்பூல் அடைக்கவில்லை. அவர் இறந்தபின் அவர் மனைவி பாத்திமுத்துவும் அடைக்கவில்லை.

ஊரை நகராட்சியோடு சேர்த்தபோது சுடலைக்குத்தான் கொண்டாட்டம். இனி வாசலில் கார் வந்து நிற்கும் என்று டீக்கடையில் அளந்தார்.

"காரு இருக்கட்டுமுங்க மாமா, மொதல்ல அந்தப் பிஞ்ச செருப்ப மாத்துங்க," என்றான் கடைக்காரன் செல்லக்கண்ணு.

நகராட்சி ஆட்கள் தெருக்களை அளக்க வந்தார்கள். பொதுவழி என்றால் அகலப்படுத்துவோம், தனியார் நிலமென்றால் தொடமாட்டோம் என்றார் அதிகாரி.

"எங்க பட்டா நிலமுங்க இது," என்றார் பாத்திமுத்து. "நடந்துக்கட்டும்னு விட்டிருக்கோம். வேணும்னா அண்ணனக் கேளுங்க."

அதிகாரி சுடலையைப் பார்த்தார்.

"என்ற பொஞ்சாதி பொணமே இதுலதானுங்க போச்சு," என்றார் சுடலை. "அப்பவே பொதுவழிதானுங்க."

"வெட்டி வழிவுட்டது ஆருன்னும் சொல்லுங்கண்ணா," என்றார் பாத்திமுத்து.

சுடலை அளவுநாடாவின் நுனியைத் தானே பிடித்துக்கொண்டு மேட்டுப்பக்கம் நடந்தார்; அதிகாரி பொதுவழி என்று எழுதிக்கொண்டார்.

வழியை அகலப்படுத்தியதில் அதையொட்டியிருந்த பாத்திமுத்துவின் சமையலறையும் முன்னறையும் ரோட்டில் போயின. பொதுவழிக்கு நஷ்டஈடு கிடையாதாம். தார் போட்டதும் சுடலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மிச்சமிருந்த ஒற்றை அறைக்குள் பாத்திமுத்து அடுப்பு மூட்டினார். புகை ரோட்டுக்கு வந்தது. சுடலை அதற்குள்தான் நடந்து போக வேண்டியிருந்தது.

ஒருநாள் பாத்திமுத்துவே அவரை நிறுத்தினார்.

"கேஸ் போட்டிருக்கேனுங்கண்ணா. உள்ளதைக் கோர்ட்டுல வந்து சொன்னீங்கன்னா போதும்."

"வர்றேம்மா," என்றார் சுடலை. அந்த நேரம் மனதாரத்தான் சொன்னார்.

விசாரணை நாளன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார். உள்ளதைச் சொன்னால் ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்ற நினைப்பும் கூடவே இறங்கியது. குன்னூர் பஸ் வந்தது. பாத்திமுத்து முன்னாலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருந்தார்.

"ஏறுங்க பெரியவரே, நேரமாச்சு," என்றார் கண்டக்டர்.

சுடலை இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். பாத்திமுத்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.