கார்னவால் முடிந்த பிறகும் அதே உடுப்பு

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கவில்லை, சக்கரத்திலும் தொடங்கவில்லை. காற்சட்டையின் இரண்டு கால்களும் பிரிகிற இடத்தில் போட்ட அந்த ஒற்றைத் தையலில்தான் தொடங்கியது என்று நிலக்ஷன் அறிவித்தான். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனின் மூன்றாம் மாடிக் குசினி ஒன்றில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா சுஜானியைத் தவிர அந்த அறிவிப்பைக் கேட்க வேறு யாரும் இல்லை என்பது அவனைக் கொஞ்சமும் தளர்த்தவில்லை. போஹும் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறவன். மாணவர்களுக்காக ஒரு கேலிப் பத்திரிகை வெளியிடுகிறவன். அதன் ஆசிரியர் அவன்தான். பெரும்பாலான மாதங்களில் வாசகரும் அவன்தான். ஆளில்லாத சபையில் பேசுவது அவனுக்குக் கைவந்த கலை.

அறிவிப்புக்குக் காரணம், சீனிப் பேணியில் சாய்த்து வைத்திருந்த சுஜானியின் ஃபோனில் சிரித்துக்கொண்டு நின்றது. அவள் கலியாணம் கட்ட விரும்புகிற கார்த்திகன். வுப்பர்டாலில், எந்தத் தெருவில் இறங்கினாலும் மலையில் ஏறவேண்டிய ஊரில், சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறவன். உயரம், தாடி, ஞாயிறு தவறாத கத்தோலிக்கப் பூசை, குடிப்பழக்கம் இல்லை. அம்மா தேவமலர் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விகளுக்கும் அவனிடம் சரியான விடை இருந்தது, இடுப்புவரை. இடுப்புக்குக் கீழே ஒரு கில்ட், ஆண்கள் கட்டுகிற பாவாடை. ஸ்கொட்லாந்துக்காரர் கலியாணத்துக்குக் கட்டுகிற கட்டம்போட்ட கம்பளி அல்ல. தடித்த கறுப்புக் கான்வஸ், பின்னால் பட்டை பட்டையாக மடிப்பு, இரண்டு பக்கமும் குறடு, சாவி எல்லாம் போடக்கூடிய பெரிய பைகள், முழங்கால்வரை நீளம். கடைக்கும் அதுதான், சந்தைக்கும் அதுதான், பூசைக்கும் அதுதான்.

"தோல் வருத்தம் ஏதும் இருக்கோ?" நிலக்ஷன் நம்பிக்கையோடு கேட்டான். "டொக்டர் கடிதம் எண்டா அப்பா விட்டிடுவார்."

"ஒரு வருத்தமும் இல்லை. அவருக்குப் பிடிச்சிருக்கு, போடுறார்."

"அதுதான் அக்கா பயங்கரம்."

"ஏன், அப்பா சாரத்தோட நிக்கிறேல்லையோ?"

"வீட்டுக்குள்ள. குப்பை கொட்டக் கீழ இறங்கிறதெண்டாலும் அயன் பண்ணின லோங்ஸ் போட்டுக்கொண்டு போற மனிசன்."

சுஜானி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அது உண்மை. அப்பா அந்தோனிப்பிள்ளையின் நீளக் காற்சட்டைகளில் கத்தியால் கோடு கிழித்ததுபோல ஒரு மடிப்பு எப்போதும் நிற்கும். இந்த நாட்டுக்கு அகதியாக வந்த முதல் கிழமையிலிருந்து அவர் கைக்கொள்ளும் ஒரே அரசியல் கொள்கை, வெள்ளைக்காரர் சிரிப்பதற்கு நாங்களாக ஒரு காரணமும் கொடுக்கக்கூடாது என்பது. அப்படிப்பட்டவர் முன்னால் கார்த்திகன் வந்து இருக்கவேண்டும். ஒரு நாளைக்கு மட்டும் காற்சட்டை போடச் சொல்லி சுஜானி கேட்டுப் பார்த்துவிட்டாள். ஒரு நாள் போட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த நாளைக் காட்டியே கேட்பார்கள் என்று அவன் மறுத்துவிட்டான். அப்பா வேண்டாம் என்றால் அவள் அவரை மீறமாட்டாள். அது கார்த்திகனுக்கும் தெரியும், வெங்காயத்துக்கும் தெரியும்.

"அப்ப திங்கட்கிழமை கூப்பிடு," என்றான் நிலக்ஷன். "அண்டைக்கு ரோசன்மொன்டாக், கார்னவால் ஊர்வலம். ஊர் முழுக்க வேசம் போட்டுத் திரியும். பாங்க் மனேஜரே கோழி மாதிரி வருவான். அதுக்குள்ள ஒரு கில்ட்டை ஆர் பாக்கப்போறது? அப்பாவுக்கு முதல் ஆளைப் பிடிக்கட்டும். உடுப்பைப் பிறகு பாப்பம்."

"அவரிட்டச் சொல்லவேணுமெல்லோ?"

"எதுக்கு? அவர் எப்பவும் போல வரட்டும். மிச்சம் என்ர பொறுப்பு."

அவள் கத்தியைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டு நின்றாள். யோசிக்கிற ஆளைச் சம்மதித்த ஆளாகக் கணக்கெடுப்பது நிலக்ஷனின் வழக்கம்.

திங்கட்கிழமை அவன் பொறுப்பைக் குறைவில்லாமல் செய்தான். விறாந்தைக் கதவில் வர்ணக் கடதாசிச் சுருள்கள். அம்மாவின் தலையில் கடதாசித் தொப்பி. தன் மூக்கில் ரப்பரில் செய்த சிவப்புக் கோமாளி மூக்கு. தெருவில் ஊர்வலத்தின் மேளம் கேட்கத் தொடங்கிய நேரம் மணி அடித்தது. கார்த்திகன் வெள்ளைச் சேர்ட்டும் கறுப்புக் கில்ட்டும், கம்பளிக் காலுறையும், கையில் ஒரு பூச்செண்டுமாக நின்றான். சேர்ட் புதிது, கழுத்தடியில் பெட்டிமடிப்பு இன்னும் தெரிந்தது. அவன் வாய் திறக்கு முன் நிலக்ஷன் உள்ளே திரும்பிக் கத்தினான்: "அப்பா, வந்து பாருங்கோ, இவர் எங்களை எல்லாம் வெண்டிட்டார்!"

அந்தோனிப்பிள்ளை வந்தார். பார்த்தார். பிறகு, அந்த வீட்டில் நத்தாருக்கும் அரிதாகக் கேட்கும் ஒரு சத்தத்தோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல வேசம் தம்பி! வாங்கோ, வாங்கோ, இருங்கோ!"

கார்த்திகன் சிரித்தான், சிரிக்கவேண்டிய இடம் என்று விளங்கியதால். எதற்கு என்று விளங்கவில்லை. கதிரையில் இருக்கும்போது ஒரு கையால் பின்மடிப்பை வாரிக்கொண்டு இருந்ததைக் கண்டு அந்தோனிப்பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாருமப்பா, நடிப்பையும் விடேல்லை," என்று மனைவியிடம் சொன்னார். ரோல்ஸ் வந்தது, தேத்தண்ணி வந்தது, சீனி தூவிய பெர்லினர் வந்தது. கடை எப்படி, வாடகை எவ்வளவு, தாய் தகப்பன் எந்தக் கோயில் பங்கு, எல்லாவற்றுக்கும் கார்த்திகன் அமைதியாகப் பதில் சொன்னான். அப்பாவுக்கு ஆளைப் பிடித்துவிட்டது. அது அவர் ரோல்ஸ் தட்டைத் தானே தள்ளிவைத்த விதத்தில் தெரிந்தது. நிலக்ஷன் மேசைக்கு அப்பாலிருந்து அக்காவுக்குக் கண்ணைக் காட்டினான். அவள் பார்க்கவில்லை. கார்த்திகனின் கண் தொப்பிக்கும் சுருளுக்கும் மூக்குக்குமாகப் போய்ப் போய்த் திரும்புவதை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதன் பின்னேரம் தவக்காலம் தொடங்கிற திருநீற்றுப் பூசை," என்றார் அந்தோனிப்பிள்ளை. "தமிழ்ச் சனம் எல்லாம் வரும். நீங்களும் வாங்கோ தம்பி. பங்குச் சுவாமிக்கும் எங்கட ஆக்களுக்கும் காட்டவேணும். அண்டைக்கு இந்தக் கோமாளி உடுப்பைக் கழட்டிப்போட்டு வந்தாச் சரி."

மேளம் ஜன்னலுக்குக் கீழே வந்துவிட்டிருந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. கார்த்திகன் சுஜானியைப் பார்த்தான். அவள் தட்டிலிருந்த சீனியை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு நிலக்ஷனைப் பார்த்தான். சிவப்பு மூக்கில் அவன் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. கோப்பையைத் தட்டில் வைத்தான்.

"அங்கிள், இது வேசமில்லை. நான் ஒவ்வொரு நாளும் போடுறது இதுதான்."

அந்தோனிப்பிள்ளையின் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. "அப்ப என்னைப் பேயனாக்கினது ஆர்?"

"என்னையும்தான் அங்கிள்," என்றான் கார்த்திகன். எழும்பினான். மடிப்பைத் தட்டிச் சரிசெய்தான். அம்மாவுக்கு நன்றி சொன்னான். படியில் அவன் சப்பாத்துச் சத்தம் மேளத்துக்குள் மறைந்தது. கீழே இறங்கியதும் ஊர்வல வண்டியிலிருந்து யாரோ அவனுக்கும் கையசைத்து ஒரு மிட்டாய் எறிந்திருப்பார்கள்.

அப்பா எழும்பி விறாந்தைக் கதவின் கடதாசிச் சுருள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "புதன்கிழமை லோங்ஸோட வந்தா வரட்டும். இல்லாட்டி இந்தக் கதை இதோட முடிஞ்சுது, பிள்ளை." சுஜானி தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. நிலக்ஷன் நாகரிகம் பற்றியோ வேறு எதைப் பற்றியோ ஒரு பகிடி சொல்ல வாய் திறந்தான்.

"முதல்ல அந்த மூக்கைக் கழட்டு," என்றாள் அவள்.

அன்று பின்னேரம் முழுக்க கார்த்திகன் அவளுடைய ஃபோனை எடுக்கவில்லை. மறுநாள் நிலக்ஷன் வுப்பர்டாலுக்குப் போனான், அங்கே ஆற்றுக்கு மேலே தொங்கிப்போகும் ரயிலுக்கு மாறி, ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும் ஒரு மனிதனைக் காற்சட்டைக்குள் புகுத்துவதற்கான வாதங்களை அடுக்கிக்கொண்டு. கார்த்திகன் கடையின் சீமெந்துத் தரையில் முழங்கால் குத்தி ஒரு மின்சைக்கிளின் பின்சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தான். "வாரும்," என்றான், நிமிராமலே.

"ஒரு மணித்தியாலம்தான் அண்ணை. பூசை முடிஞ்ச கையோட கழட்டலாம்."

"பிறகு கலியாணத்துக்கு ஒரு மணித்தியாலம். பிள்ளையின்ர ஞானஸ்நானத்துக்கு ஒரு மணித்தியாலம். நான் வாறன், இதோட வாறன்."

"அப்பா பேசுவார்."

"பேசட்டும். பேசுற ஆளோட நானும் பேசலாம். நேற்று அவர் சிரிச்சார். சிரிக்கிற ஆளோட என்னெண்டு பேசுறது?" சில்லைக் கையில் எடுத்து ஒருமுறை சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். "தெருவில தனிய நிக்க எனக்குப் பழக்கம். ஆனா சுஜானி தட்டைப் பாத்துக்கொண்டு இருந்தவா. அது எனக்குப் பழக்கமில்லை."

நிலக்ஷன் அடுக்கிக்கொண்டு வந்த வாதங்கள் எல்லாம் வரிசையாகவே இருந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டான். சைக்கிள் சில்லுகளுக்குப் பக்கத்தில் விற்பனைக்கென்று சுவரில் கொழுவியிருந்த கில்ட்டுகளைப் பார்த்தான். "இதெல்லாம் என்ன சைஸ்? பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதலாம் எண்டு."

கார்த்திகன் அவனை ஒருதரம் பார்த்தான். கையைத் துடைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தான். "லோங்ஸ் சைஸை மறந்திடும். அது இடுப்பெலும்பில நிக்கிறது. இது தொப்புளோட நிக்கவேணும், இல்லாட்டி நடக்க நடக்க வழியும். இப்ப முழங்காலில நில்லும்."

"ஏன்?"

"நீளம் பாக்க. விளிம்பு தரையில முட்டக்கூடாது, முட்டாமலும் விடக்கூடாது."

சமூகவியல் மாணவன் சைக்கிள் எண்ணெய் மணக்கும் தரையில் முழங்காலில் நின்றான். கட்டுரைக்காகத்தான். கறுப்பில் நாய்மயிர் தெரியும் என்றான் கார்த்திகன். காக்கி மழையில் நனைந்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். "முதல்தரம் போடுற ஆளுக்கு இந்தக் கடும்பச்சை. பாரமான துணி. காத்துக்கு எழும்பாது."

"கட்டுரைக்குக் காத்து ஒரு பிரச்சினையில்லை அண்ணை."

"கட்டுரைக்கு இல்லைத்தான்," என்று சொல்லி அதை மடித்துப் பையில் போட்டான். "இருக்கேக்க பின்னால கையை விட்டு வாரிக்கொண்டு இரும். மறந்தீரெண்டா சனத்துக்குக் காட்சி."

புதன்கிழமை நகரசபை ஆட்கள் தெருவிலிருந்த கடதாசித் துகள்களைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகக் கழிப்பறையில் உடுப்பு மாற்றிய நிலக்ஷன் ட்ராமில் கம்பியைப் பிடித்தபடி நின்றான். இருக்க இடமிருந்தது, இருக்கத் துணிவில்லை. முழங்காலுக்குக் கீழே இவ்வளவு ஊர் இருக்கிறது என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிர் ஏறி வந்து விசாரித்துவிட்டுப் போனது. பின்னால் இரண்டு பெடியன்கள் ஃபோனை உயர்த்தினார்கள். எதிரே இருந்த வயதான ஜெர்மன்காரி அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, இரக்கத்தோடு, "கார்னவால் முடிஞ்சுது, மகன்," என்றாள்.

"தெரியும்," என்றான் அவன்.

கோயிலுக்குள் நுழைந்தபோது திருநீறு பூச வரிசை தொடங்கியிருந்தது. நடுப்பாதையில் சனம் தோளோடு தோளாக நகர்ந்தது, ஓரிடத்தைத் தவிர. அங்கே கறுப்புக் கில்ட்டோடு கார்த்திகன் நின்றான். அவனுக்கு முன்னாலும் பின்னாலும் ஓர் ஆள் நிற்கக்கூடிய இடம் விட்டிருந்தது. வாங்குகளில் தலைகள் ஒன்றோடொன்று சாய்ந்து பிரிந்தன. யாரோ கிளுக்கென்று சிரித்து, யாரோ தொடையில் கிள்ளியதும் நிறுத்தினார்கள். மூன்றாம் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் சுஜானி நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தோனிப்பிள்ளை, காற்சட்டை மடிப்புக் குலையாமல், சுவாமியின் முன்னால் நெற்றியைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நிலக்ஷன் போய், கார்த்திகனுக்குப் பின்னால் காலியாக இருந்த அந்த இடத்தில் நின்றான். கார்த்திகன் திரும்பவில்லை. ஆனால் அவன் தோள் கொஞ்சம் இறங்கியது.

அப்பா நீறு பூசிக்கொண்டு அதே பாதையால் திரும்பி வந்தார். கார்த்திகனைக் கண்டார். முகம் இறுகியது. அடுத்த அடியில் மகனைக் கண்டார். மகனின் பச்சை விளிம்பையும், அதற்குக் கீழே புல்லரித்த இரண்டு முழங்கால்களையும் கண்டார். நின்றுவிட்டார். பின்னால் வந்த ஆள் அவர் முதுகில் முட்டிக்கொண்டார். நிலக்ஷன் இதற்காக ஒரு வசனம் வைத்திருந்தான், நல்ல வசனம், ட்ராமில் மூன்றுதரம் திருத்தியது. அது வரவில்லை. அப்பாவின் நெற்றியிலிருந்து உதிர்ந்த சாம்பல் கொஞ்சம் அவர் மூக்கு நுனியில் ஒட்டியிருந்தது. அவர் அதை அறியவில்லை. சிரிக்கவும் இல்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாண்டி மூன்றாம் வரிசைக்குப் போனார்.

சுவாமியின் விரல் நிலக்ஷனின் நெற்றிக்கு முன்னால் ஒரு கணம் தயங்கியது. பிறகு மற்றவர்களுக்குப் பூசிய அதே நீற்றைப் பூசியது. இருவரும் கடைசி வாங்குக்கு வந்தார்கள். கார்த்திகன் சுவரோரம் போய் இருந்தான். நிலக்ஷன் கையைப் பின்னால் விட்டு, மடிப்பை வாரி, மெல்ல இருந்தான். பலகை குளிர்ந்தது. கொஞ்சம் யோசித்து மறுபடி எழும்பி, மறுபடி மடிப்பை வாரி, தனக்கும் கார்த்திகனுக்கும் நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத் தள்ளி இருந்தான்.

நடுப்பாதையில் வரிசை குறைந்து முடியப்போனது. சுஜானி எழும்பிப் போய் நெற்றியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அம்மா அவளுக்காகக் காலை ஒதுக்கி வழிவிட்டாள். அப்பா தலை குனிந்து கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய சப்பாத்துச் சத்தம் மூன்றாம் வரிசை வரைக்கும் வந்து, அங்கே நின்றது; வாங்கில் இருக்கிற சத்தம் கேட்கவில்லை. நிலக்ஷன் நிமிராமல், முழங்காலுக்கு மேலே ஏறியிருந்த விளிம்பை இரண்டு கையாலும் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.