கடைசிச் சுரம் யாருடையது

இத்தாலியில் பார்மா நகரை ஒட்டிய அந்த ஊர்க்காரர்கள் சாமி கும்பிட மறந்தாலும் மறப்பார்கள். ஓபரா என்கிற இசை நாடகத்தில் பாடுகிறவன் சுரம் தப்பினால் மட்டும் விடவே மாட்டார்கள். கீழே மெத்தை நாற்காலியில் உட்காருகிற கனவான்கள் நாலு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். தீர்ப்பு மேலே, கூரையை ஒட்டிய கேலரியில். அங்கே கொத்தனாரும் கசாப்புக்காரரும் நின்றுகொண்டே கேட்பார்கள். பிடிக்காவிட்டால் விசில். நம் ஊர் விசில் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே அது செருப்படி.

சுரம் சரியா தப்பா என்று கேலரியில் சண்டை வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது உல்தெரிகோவைத்தான். பன்றித் தொடையை உப்பிட்டுப் பதப்படுத்திப் பிழைக்கிற மனுஷன். ஆனால் காது பாம்புக் காது. சொந்த மச்சான் ஒரு தடவை மேடையில் பிசகியபோது முதல் விசில் அவருடையது. தங்கை பதினோரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “அவன் எனக்கு மச்சான், சரி. சுரத்துக்கு யாரு மச்சான்?” என்று கேட்டார்.

அப்பேர்ப்பட்டவரின் மகன் எர்மெஸ் டெனர், அதாவது உச்சக்குரல் பாடகனாகத் தலையெடுத்திருந்தான். மூன்று வருஷம் சின்னச் சின்ன ஊர்களில் பாடி, இப்போது சொந்த ஊர் மேடையில் கதாநாயகன். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு மிலான் நகரத்து ஓபரா கம்பெனி ஒன்றின் ஆள் வருவதாகத் தகவல். அவர் தலையசைத்துவிட்டால் எர்மெஸ் எங்கேயோ போய்விடுவான். ஆனால் மூன்றாம் அங்கத்தின் கடைசி உச்சச் சுரம் இருக்கிறதே, அது ஒத்திகையில் மூன்று நாளும் தொண்டையிலேயே உடைந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நுல்லோவைத் தேடிப் போனான்.

நுல்லோ பள்ளிக்கூட நாள் சிநேகிதன். தக்காளி டப்பா ஆலையில் வேலை, கோரஸில் இரண்டாம் வரிசை. அவனுக்கு அந்தச் சுரம் கொட்டாவி விடுகிற மாதிரி வரும்.

“நாளைக்கு மட்டும்டா. நான் வாளை உருவிக்கிட்டு உங்க பக்கம் திரும்பிடுவேன். வாயை மட்டும் திறப்பேன். நீ பாடிடு.”

“கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? மேல உங்கப்பன் நிக்கிறாருடா!”

“நாப்பது பேர் கோரஸ், ஆர்கெஸ்ட்ரா வேற. யாருக்குத் தெரியப் போகுது?”

நுல்லோ தலையைச் சொறிந்தான். “நீ பெரிய ஆளாகப் போறவன். நான் டப்பா மூடுறவன். சரி, பாடித் தொலைக்கிறேன் போ.”

பாடினான். அடேயப்பா, என்ன சுரம் அது! அரங்கமே எழுந்து நின்று கத்தியது. எர்மெஸ் நெஞ்சில் கை வைத்து மூன்று முறை குனிந்தான். மூன்றாவது தடவை நிமிர்ந்தபோதுதான் மேலே பார்த்தான். எல்லாக் கையும் தட்டிக்கொண்டிருக்க, அப்பாவின் இரண்டு கையும் கேலரிக் கம்பியைப் பிடித்தபடி இருந்தன. திரைக்குப் பின்னால் மிலான் ஆள் கையைப் பிடித்துக் குலுக்கி, “ஜனவரியில வந்துடுங்க” என்றார். நியாயமாகக் குதித்திருக்க வேண்டும். அவனோ திருட்டுப் பால் குடித்த பூனையாட்டம் முழித்தான்.

காட்சி முடிந்ததும் பாடகர்களும் கேலரிக்காரர்களும் எதிர் ஒயின் கடையில் கூடுவது வழக்கம். பாடியவன் முகத்துக்கு நேராகவே விசாரணை நடக்கும். அன்றைக்கு மிலான் ஆளும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஆரம்பித்தவர் கொத்தனார் அமில்கரே.

“அந்தக் கடைசிச் சுரம் எனக்கு இடது பக்கத்துலேர்ந்து வந்த மாதிரி இருந்துச்சு. இவன் நின்னது வலது பக்கம்.”

“உன் காதுல சிமெண்டு அடைச்சிருக்கு!” என்றான் ஒருவன்.

“நம்ம ஊர்ப் பையன் முன்னுக்கு வந்தா உனக்கு வயிறு எரியுதோ?” என்றான் இன்னொருவன்.

அமில்கரே விடவில்லை. “உல்தெரிகோ அண்ணே, நீங்க சொல்லுங்க. மகன்னு பாக்காம சொல்லுங்க. நீங்க சொல்லிட்டா பேச்சு முடிஞ்சுது.”

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். நுல்லோ தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். ‘நான் பாடல’ என்று எர்மெஸ் இரண்டே வார்த்தை சொன்னால் போதும். அவனோ கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தான். அப்பா அவனையே பார்த்தார். அவசரப்படாமல், அவன் சொல்வதற்கு அவகாசம் கொடுத்துப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

“என் மகன் குரல்தான்.”

அமில்கரே தொப்பியைக் கழற்றினார். “அப்ப என் காதுதான் கெட்டுப் போச்சு. மன்னிச்சுக்கப்பா, எர்மெஸு.” வயசில் மூத்த மனுஷன், செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறார்! எர்மெஸ் போனால் போகிறது என்பதுபோல் சிரித்துத் தொலைத்தான். யாரோ அவன் கோப்பையை நிரப்பினார்கள். அப்பா தன் கோப்பையைத் தொடாமலே எழுந்து வெளியே போனார்.

எர்மெஸ் பின்னாலேயே ஓடினான். வெயில் இறங்கி, பனிக்காற்று வீச ஆரம்பித்திருந்தது.

“அப்பா, அந்தச் சுரம்…”

“தெரியும்டா. தொட்டில்ல அழுதப்பலேர்ந்து கேக்குற குரல், எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏம்பா அப்படிச் சொன்னீங்க?”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல. அத்தனை பேர் முன்னாடி உன்னைப் பெத்தவனே காட்டிக் குடுக்கவா?” எதிரே இருந்த அரங்கத்தைக் கை காட்டினார். “முப்பது வருஷம்டா. ஒரு பொய் சொன்னதில்ல அங்க. இனிமே அந்த மேல் படியில நான் எந்த முகத்தோட ஏறுவேன்?”

“நான் போய் உண்மையைச் சொல்லிடுறேம்பா. இப்பவே.”

“போ.”

அப்பா வழியை விட்டு ஒதுங்கி நின்றார். “போயிட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்.”

கடை முப்பதடி தூரம்கூட இருக்காது. உள்ளே சிரிப்புச் சத்தம், யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கோப்பை தட்டுகிறார்கள். எர்மெஸ் இரண்டடி வைத்தான். மிலான் ஆள் இன்னும் உள்ளேதான் இருந்தார். நின்றான். அப்பா காத்துக்கொண்டிருந்தார்.

“குளிருதுப்பா” என்றான் எர்மெஸ். “வீட்டுக்குப் போலாம்.”

அப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.