முகத்தில் வைக்காத சொட்டு

நியூ ஜெர்சியில் ஒரு சிறிய மியூசியத்தில் பழைய தாள்களைச் செப்பனிடும் வேலையில் இருந்தாள் நாகலக்ஷ்மி. 1997 மார்ச்சில் அவள் மேஜைக்கு ஒரு பிரெஞ்சு மைச் சித்திரம் வந்தது. இருநூற்று முப்பது வருஷப் பழசு. இப்போது யாரும் படிக்காத ஒரு நாவலின் காட்சி. கடற்கரையில் ஒரு பெண், கையில் பிரிக்காத கடிதம். அவளுக்குப் பின்னால் கப்பல் கவிழ்ந்துகொண்டிருக்கிறது. கடிதம் எழுதியவன் அதில்தான் இருக்கிறான், அவளுக்குத் தெரியாது. நக அகலம்தான் அவள் முகம். மூன்று வாரம் லென்ஸ் வழியே அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் நாகலக்ஷ்மி.

தாள் தொட்டால் நொறுங்கும் நிலையில் இருந்தது. நீரில் கிடத்தி அலச வேண்டும். அதற்கு முன், மை கரையுமா என்று ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது வழக்கம். கப்பலில், அலையில், பாவாடை மடிப்பில் வைத்தாள். கரையவில்லை. முகத்தில் வைக்க மட்டும் மனம் வரவில்லை. முகத்திலும் அதே மைதானே என்று விட்டுவிட்டாள்.

நீரில் இறக்கியதும் முகத்திலிருந்து பழுப்பாக ஏதோ நூல்போலப் பிரிந்தது. பிற்காலத்தில் யாரோ வேறு மையால் திருத்தியிருந்த முகம் அது. தாளை வெளியே எடுப்பதற்குள் கண்ணும் வாயும் போய்விட்டன.

மேலதிகாரி எலன் கதவைச் சாத்திவிட்டு, "வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று எழுதிவிடு" என்றாள். நாகலக்ஷ்மி எழுதவில்லை. 'முகத்தை நான் சோதிக்கவில்லை' என்றே எழுதிக் கொடுத்தாள்.

கணவன் வாஞ்சிநாதன் அவள் விசாவை நம்பி வந்தவன். கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருக்கோம், நாகு. அந்த எலனே அப்படி எழுதிடுன்னு சொல்லியிருக்கா!"

"பொய் எழுதிட்டு நாளைக்கு இன்னொரு படத்தை எப்படித் தொடறது, சொல்லுங்கோ?"

"இனிமே எந்தப் படமும் வராது."

ஏப்ரலில் வேலை போயிற்று. வேறு வேலை கிடைக்காவிட்டால் விசாவும் போய்விடும். எலன்தான் சொல்லிவைத்து, பிலடெல்பியாவில் ஒரு இன்டர்வியூ கிடைத்தது. அங்கே ஒரு சாதாரணப் பழைய கடிதத்தைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். சொட்டு நீரோடு தூரிகையைத் தாளுக்கு மேலே பிடித்தாள். இறக்க முடியவில்லை. தூரிகையைப் பின்னுக்கு இழுத்தாள்; நீர் மேஜையில் விழுந்தது. மன்னிப்புக் கேட்டு எழுந்து வந்துவிட்டாள்.

காரில் காத்திருந்த வாஞ்சிநாதன், "என்னாச்சு?" என்றான்.

"கை வரலை."

அவன் திட்டவில்லை. வண்டியைக் கிளப்பி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்த வீட்டுக்கு ஓட்டினான். மறுநாள் சென்னைக்கு இரண்டு டிக்கெட் புக் பண்ணினான்.