சூரியனில் நின்ற வள்ளம்

2019 டிசம்பர் 26 அன்று, வளையச் சூரிய கிரகணம் முடிந்து கொஞ்ச நேரத்தில், சல்லி என்ற மீனவக் கிராமத்தைச் சேர்ந்த வல்லிபுரத்தின் வள்ளம் சூரியனில் நிற்பது தெரியவந்தது. முந்தின வருடம் ஆவணியில் கடலுக்குப் போன வல்லிபுரமும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. கிரகணத்தன்று ஆழிப்பேரலை நினைவு நாள் என்பதால் ஒருவரும் தொழிலுக்குப் போகாமல் கரையில் நின்றார்கள். பட்டணத்தில், ஓர்ஸ் ஹில்லில் குடியிருக்கும் விஞ்ஞான ஆசிரியை கீர்த்தனியும் அங்கே வந்து, தொலைநோக்கியின் முன்வாயை வெள்ளிநிற வடிகட்டித் தாளால் மூடி, பின்னால் கமராவைப் பொருத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் சூரியனில் புள்ளிகள் மிக அரிது. ஆனால் படத்தில், சூரியனின் ஓரமாக ஒரு கறுப்பு இருந்தது. கமராவுக்குள் தூசி என்று நினைத்து அதைத் திருப்பிப் பார்த்தாள். தூசி என்றால் படத்தில் அதே இடத்தில் நிற்கும். இது சூரியனோடு சேர்ந்து திரும்பியது. கணினியில் பெருப்பித்தபோது வள்ளமும், அதன் பின்பக்கத்தில் கட்டிய குடையும் தெரிந்தன. வெயிலுக்குப் பயந்து வள்ளத்தில் குடை கட்டும் ஆள் சல்லியில் வல்லிபுரம் ஒருவர்தான். கணக்குப்படி அந்த வள்ளம் பூமியை விடப் பெரிதாக இருக்கவேண்டும். கரையில் நின்ற யாரும் அந்தக் கணக்கைப் பொருட்படுத்தவில்லை.

வல்லிபுரத்தின் மனைவி சுலோஜனா அடுத்த நாளிலிருந்து ஓர்ஸ் ஹில்லுக்கு பஸ் ஏறினாள். வல்லிபுரத்தைச் செத்தவராக எண்ணி அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடவேண்டும் என்று அவளுடைய தம்பி சிவரூபன் ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். அவளோ கீர்த்தனியின் முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள். கமராவைக் கழற்றிவிட்டு, கண்ணால் பார்ப்பதற்கான வில்லையைக் கீர்த்தனி பூட்டிக்கொடுப்பாள். வள்ளம் தெரியும், குனிந்து வலை இழுக்கும் உருவமும் தெரியும்.

“முகம் தெரியேல்லை ரீச்சர். அந்தத் தாளைக் கழட்டுங்கோவன்.”

“ஏலாது அக்கா. கழட்டினால் அந்த நிமிசமே கண் போயிடும்.”

“போனால் போகட்டும். ஒருக்காப் பார்த்தாக் காணும்.”

வள்ளம் சூரியனின் நடுவைத் தாண்டிய ஒரு மத்தியானம், கீர்த்தனி குசினிக்குள் போன சமயம் பார்த்து, சுலோஜனா தாளைப் பிடுங்கிவிட்டுக் குனிந்தாள். கீர்த்தனி ஓடிவந்து, அவளுடைய கண்ணுக்கும் வில்லைக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தாள். தோல் கருகிய மணம் இரண்டு பேருக்கும் வந்தது. சுலோஜனா அந்தக் கையைத் தண்ணீர் வாளிக்குள் பிடித்தபடி நெடுநேரம் அழுதாள். வல்லிபுரம் காணாமல் போனபிறகு அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவள் தாளைத் தொடவில்லை. வள்ளம் விளிம்புக்குப் போன அன்று, கட்டுப்போட்ட கையால் கீர்த்தனி அடுத்தடுத்து எடுத்த படங்களில், குனிந்திருந்த உருவம் நிமிர்ந்து கையை ஆட்டியது. சுலோஜனா படங்களைக் கொண்டுபோய்த் தம்பியிடம் காட்டினாள்.

“தொழிலில நிக்கிற மனுசனுக்கு எதுக்கடா அந்தியேட்டி?”

சிவரூபன் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, “ஓம்” என்றான். பிறகு அந்தக் கதையை எடுக்கவேயில்லை.

சூரியன் சுழல்வதால் வள்ளம் ஏறத்தாழ இரண்டு கிழமை இந்தப் பக்கமும் இரண்டு கிழமை அந்தப் பக்கமுமாக நின்றது. ஊரடங்குக் காலத்தில் கீர்த்தனி படங்களைத் தொலைபேசிக்கு அனுப்பினாள். எரிபொருள் வரிசைகளின் வருடத்தில், வல்லிபுரத்துக்கு அந்தக் கவலை இல்லை என்று சல்லியில் பேசிக்கொண்டார்கள். இதற்கிடையில் சூரியனில் புள்ளிகள் பெருகத் தொடங்கின. அவற்றில், கடலில் காணாமல் போன இறக்கக்கண்டி, மூதூர் வள்ளங்களை அந்தந்த ஊரார் அடையாளம் கண்டார்கள். 2024இல் பார்க்க வருபவர்களுக்கு முற்றம் போதாமல், தொலைநோக்கியை மறுபடி கடற்கரைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

கிண்ணியாவிலிருந்து வந்த நஜ்முன் நிஸா கடலுக்குப் போய்த் திரும்பாத தன் தம்பி றிஸ்கானைத் தொலைநோக்கியில் கண்டதும் சுலோஜனாவின் பக்கம் திரும்பினாள். “அவன் சின்னதிலிருந்தே தனிய இருக்கமாட்டான். பயந்த புள்ள.”

சுலோஜனா எட்டிப் பார்த்தாள்.

“பயப்படாதேங்கோ. பக்கத்தில நிக்கிறது எங்கட ஆள்தான்.”

நஜ்முன் நிஸா இன்னும் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வரிசையில் அடுத்து நின்றவருக்கு இடம் விட்டாள்.