எடுக்கலாமா, விடலாமா

தீர்ப்பு காலை ஒன்பது மணிக்கே வெளியாகிவிட்டது. மதிப்பு அக்கா கணினியை அணைத்துவிட்டு, பத்து நாளாக மடித்தே வைத்திருந்த முழங்காலை நாற்காலியின் மேல் நீட்டிக்கொண்டு, மதியம் ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்தார். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவருக்கு ஓய்வு.

மதிப்பு அக்கா என்பது வாசகர்கள் வைத்த பெயர். காப்பீட்டு நிறுவனங்களுக்காக நஷ்டம் மதிப்பிடும் வேலையை முப்பத்திரண்டு வருஷம் பார்த்தவர் அவர். எரிந்த கிடங்கோ, நனைந்த சரக்கோ, கவிழ்ந்த லாரியோ, எதுவானாலும் நேரில் போய்க் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். கூட வேலை பார்த்த ஒருவர் படத்தை நம்பி ஒரே ஒரு முறை கையெழுத்துப் போட்டு, உரிமத்தைப் பறிகொடுத்து வீட்டோடு உட்கார்ந்தார். அக்காவின் அறிக்கை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, அதை மறைக்க அவர் மெனக்கெட்டதும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு, தம்பியின் கணினியில் ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு ஒன்றை எட்டிப் பார்த்தார். பார்த்தவர் உட்கார்ந்துவிட்டார். தம்பி பிரிண்டர் பழுது பார்ப்பவன். வீட்டின் முன்னறை முழுக்கப் பிரித்துப் போட்ட பிரிண்டர்கள், நடுவில் இரண்டு கணினிகள். அங்கிருந்துதான் இருவரும் நாலு வருஷமாக அந்த இணையதளத்தை நடத்தினார்கள். அதற்கு வைத்தது அவர்களுடைய அப்பாவின் பெயர்.

வேலை ஒன்றுதான். மாதச் சந்தா கட்டினால் எட்டுக் கணினி விளையாட்டுகளை மொத்தமாகத் தரும் நிறுவனம் ஒன்று இருந்தது. மாதத் தொடக்கத்தில் பட்டியல் வரும். வேண்டாம் என்பவர்கள் பத்தாம் நாள் மாலை ஆறு மணிக்குள் வேண்டாம் என்று அழுத்திவிட வேண்டும். அழுத்தாவிட்டால் பணம் தானாகவே போய்விடும், போனது போனதுதான். அக்கா முதல் நாளே தொகுப்பை வாங்கி, ஒவ்வொன்றையும் மூன்று மணி நேரமாவது ஆடிப் பார்ப்பார். பத்தாம் நாள் காலையில் ‘எடு’ அல்லது ‘விடு’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பு வரும். காரணங்கள் அதற்குக் கீழே இருக்கும். மூவாயிரம் பேர் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பார்கள்.

இந்த மாதத் தீர்ப்பு, எடு.

தம்பி செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது மணி மூன்று இருபது.

“அக்கா, தூக்கம் தெளிஞ்சிடுச்சா?”

“ஏன்டா, மூஞ்சி இப்படி இருக்கு? யாரோட பிரிண்டரைக் கொளுத்தினே?”

“லிஃப்ட் மெக்கானிக் எழுதியிருக்காரு. நீயே படி.”

லிஃப்ட் மெக்கானிக் பழைய வாசகர். செய்தி நாலே வரிதான். ‘அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. படகுத்துறை கேம்ல கடைசி மூணு அத்தியாயம்தான் உயிர்னு எழுதியிருக்கீங்க. எனக்கு ஏழாவதோட நின்னுடுச்சு. எட்டாவது தனியா வாங்கணும்னு வருது. நான்தான் ஏதாவது தப்பு பண்றேனா?’

அக்கா கணினியை மறுபடி போட்டார்.

எட்டில் படகுத்துறைதான் பெரிய விளையாட்டு. பனி உறைந்த துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட ஒருத்தி ஊருக்குத் திரும்ப வழி தேடும் கதை, பத்து அத்தியாயம். மீதி ஏழு விளையாட்டுகளில் இரண்டு பரவாயில்லை, ஐந்து பெட்டியை நிரப்பத் திணித்த வைக்கோல். ‘இந்த ஒன்றுக்காகவே இந்த மாதத்தை எடுக்கலாம்’ என்று காலையில் எழுதியது அவரேதான்.

அதை அவர் ஆடாமல் எழுதவில்லை. போன வருஷமே தனியாக விலை கொடுத்து வாங்கி, பத்து அத்தியாயத்தையும் இரண்டு முறை முடித்திருந்தார். கோளாறு அங்கேதான் தொடங்கியது. தொகுப்பில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் கீ என்று ஒரு நீண்ட எண் வரும். அதை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். கையில் ஏற்கெனவே இருக்கும் விளையாட்டின் கீ வந்தால், வீணாக்குவானேன் என்று வாசகர்களிடையே குலுக்கிப் போட்டு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்த மாதம் குலுக்கலில் வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். தொகுப்பில் வந்த படகுத்துறையை அவர் திறந்து பார்த்தார். அக்கா திறந்தே பார்க்கவில்லை.

“ஆளுக்கு ஆடத் தெரியலை. ஏழாவது கடைசில ஒரு சூட்சுமம் இருக்கு. கூப்பிடு அவரை, முகம் பார்த்துப் பேசற மாதிரி கூப்பிடு.”

திரையில் வந்தவர் கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்.

“வணக்கம்கா. கால் சுளுக்கிடுச்சு, ஒரு வாரமா லீவு. அதான் இதையே கட்டிக்கிட்டு அழறேன்.”

“மேல் மாடத்து விளக்கைப் பத்த வச்சீங்களா?”

“வச்சேன்கா.”

“அணைச்சிட்டு மறுபடி பத்த வைக்கணும்.”

“அதையும் பண்ணேன்கா, நாலு தடவை. அந்த விளக்குக்கே என் மேல வெறுப்பு வந்திருக்கும்.”

தம்பி சிரித்தான். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

மெக்கானிக் செல்போனைத் தன் கணினிப் பக்கம் திருப்பிக் காட்டினார். கை ஆட்டத்தில் படம் நடுங்கியது. ஏழு அத்தியாயங்கள் வெளிச்சமாக இருந்தன. கீழே மூன்று சாம்பல் நிறக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் பூட்டுப் படம், அடியில் ‘தனியாக வாங்கவும்’ என்று ஒரு வரி.

இத்தனை வருஷ வேலையில் ஒரு படத்தைப் பார்த்து அக்கா எந்த முடிவுக்கும் வந்ததில்லை. இந்த மனிதர் வேறெங்கிருந்தாவது ஒரு மாதிரிப் பதிப்பை இறக்கியிருக்கலாம். இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கலாம். தொகுப்பின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். முகப்புப் படத்திலேயே பனிக்கப்பல் நின்றது. அது ஒன்பதாவது அத்தியாயத்தில் வரும் கப்பல். இல்லாததைப் படம் போட்டா விற்பார்கள்?

“டேய், அந்த கம்பெனிக்கு எழுதிக் கேளு.”

“அப்பவே எழுதிட்டேன். நாற்பத்தெட்டு மணி நேரத்துல பதில் சொல்வாங்களாம்.”

“இன்னொரு கணக்கு ஆரம்பிச்சு, இன்னொரு தொகுப்பு வாங்கு. நானே பார்க்கறேன்.”

“வாங்கலாம். இறக்கவே ரெண்டு மணி நேரம் ஆகும். ஏழு அத்தியாயம் முடிச்சாத்தானே அந்தக் கட்டமே வரும்? நீ எவ்வளவு வேகமா ஆடினாலும் ஒன்பது மணி நேரம். ஆறு மணிக்குக் கதவைச் சாத்திடுவான்க்கா.”

மணி நாலு பத்து.

அக்காவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பிரிண்டர்களுக்கு நடுவே இருந்த ஒற்றையடிப் பாதையில் போவதும் வருவதுமாக இருந்தார். கண்ணால் காணாத ஒன்றைக் குற்றம் என்று எழுதி, அது பொய்யாகப் போனால், ஒரு வியாபாரத்தைப் பழித்த பாவம். எழுதாமல் விட்டு, அது நிஜமாகப் போனால், நம்பி வந்த மூவாயிரம் பேரைக் கைபிடித்துப் பள்ளத்தில் இறக்கிய பாவம். இரண்டுக்கும் மேலே இருப்பது அப்பாவின் பெயர். சொன்ன சொல்லை அந்த வீட்டில் யாரும் மாற்றியதில்லை. மாற்ற வேண்டி வராதபடி சொல்லத்தான் அவர்களை வளர்த்திருந்தார்கள்.

தம்பி தொண்டையைக் கனைத்தான். “அக்கா, ஒண்ணு பண்ணலாமா? அந்த கடைசி மூணு அத்தியாயம்னு வர்ற வரியை மட்டும் சத்தமில்லாம எடுத்துடறேன். தீர்ப்பு அப்படியே இருக்கட்டும். ஒரு பயலுக்கும் தெரியாது.”

“என்ன சொன்னே?”

“இல்ல, சும்மா ஒரு யோசனை.”

“யோசனையா? அப்பா பேரை மேல எழுதி வச்சிட்டு கீழ ரப்பர் போட்டு அழிக்கறதுக்குப் பேரு யோசனையா?”

“சரி விடு. வாய் தவறி வந்துடுச்சு.”

அப்போது தம்பியின் மனைவி பல் மருத்துவமனையில் வேலை முடிந்து உள்ளே வந்தாள். கைப்பையை வைப்பதற்குள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டாள். தம்பி இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தான்.

“கண்ணால பார்க்காம எப்படிம்மா கையெழுத்துப் போடறது?” என்றார் அக்கா, அவளிடம் முறையிடுவதைப்போல.

“எங்க டாக்டர் என்ன, தாடைக்குள்ள இறங்கியா பார்க்கறாரு அண்ணி? எக்ஸ்ரே எடுக்கற பொண்ணு இந்தப் பல்லுங்கறா, இவரு பிடுங்கறாரு.”

“தப்பான பல்லைப் பிடுங்கினா?”

“அதுக்குத்தான் நல்ல பொண்ணா வேலைக்கு வச்சிருக்காங்க.”

அக்கா நடப்பதை நிறுத்தினார். ஒரு கிடங்கு எரிந்தால் எரியும்போது பார்த்தவன் காவல்காரன்தான். அவரும் சாம்பல் ஆறிய பிறகு போனவர்தானே! சரக்கைத் தொட்டுப் பார்த்தது நிஜம். ஆனால் எத்தனை மணிக்குப் புகை வந்தது, எந்தப் பக்கம் வந்தது என்பதெல்லாம் காவல்காரனைக் கேட்டு எழுதியதுதான். சாட்சியை எடை போடுவதும் அவருடைய வேலையாகத்தான் இருந்தது.

“கூப்பிடு அவரை மறுபடியும்.”

இந்த முறை குரல் மாறியிருந்தது. விளக்கு, சூட்சுமம் என்ற பேச்சே இல்லை.

“நாங்க கொடுத்த கீயைத் தவிர இந்த கேமை வேற எங்கேயாவது வாங்கினீங்களா, இறக்கினீங்களா?”

“இல்லக்கா. இதான் முதல் தடவை.”

“கீ போட்டதும் உங்க பட்டியல்ல என்ன பேர்ல வந்துச்சு? வாசிங்க. நீங்களா எதுவும் சேர்க்காதீங்க.”

அவர் வாசித்தார். பெயருக்குப் பின்னால் ‘அடிப்படைப் பதிப்பு’ என்று இருந்தது. அக்கா தன் பட்டியலைத் திறந்தார். அவருடையதில் ‘முழுப் பதிப்பு’.

“இந்த மாசத் தொகுப்பை நீங்க தனியா எடுத்தாச்சா?”

“எனக்கு எதுக்குக்கா? பெரிய கேம்தான் நீங்க சும்மா குடுத்துட்டீங்களே. காலையில எழுந்ததும் வேண்டாம்னு அழுத்திட்டேன்.”

இந்த மனிதருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, குறை சொல்வதால் ஒரு லாபமும் இல்லை. இலவசமாக வாங்கிய பொருளில் குறை கண்டு, நன்றி கெட்டவன் என்ற பெயர் வந்தாலும் வரட்டும் என்று எழுதியிருக்கிறார். இதைவிடச் சுத்தமான சாட்சி அக்காவுக்கு வேலையில் கிடைத்ததில்லை. அவரைத்தான் ஆடத் தெரியாதவர் என்று சொன்னோம் என்று நினைத்தபோது காது மடல் சுட்டது.

“உங்களுக்கு ஆடத் தெரியலைன்னு நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கணும்.”

“ஐயோ, எனக்கு நிஜமாவே தெரியாதுக்கா. ஏழு அத்தியாயத்துக்கு ஒரு வாரம் ஆச்சே!”

மணி நாலு ஐம்பது. அக்கா தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். எழுத்து மாறி மாறி விழுந்தது. தம்பி கையை நீட்டினான். “நான் அடிக்கறேன், நீ சொல்லு.”

“வேண்டாம். இதை நான்தான் அடிக்கணும்.”

அவர் எழுதியது இவ்வளவுதான்: ‘காலையில் சொன்ன தீர்ப்பு தவறு. தொகுப்பில் வந்த படகுத்துறையை நான் திறந்து பார்க்கவில்லை. என்னிடம் முன்பே இருந்த முழுப் பதிப்பை வைத்து எழுதிவிட்டேன். தொகுப்பில் இருப்பது ஏழு அத்தியாயம் மட்டும் என்று ஒரு வாசகர் காட்டினார். நானே சோதிக்க நேரமில்லை. அவர் சொல்லை நம்புகிறேன். விடு. ஆறு மணிக்குள் அழுத்துங்கள். பிழை என்னுடையது, வேறு யாருடையதும் அல்ல.’

தம்பி தோளுக்கு மேலிருந்து படித்தான். “நம்ம பிழைன்னு போடுக்கா. குலுக்கல் நடத்தினது நான்தானே.”

“திறந்து பார்க்காதது நான்.”

பொத்தானை அழுத்தினார். ஐந்து இரண்டு. மூவாயிரம் பேருக்கும் மின்னஞ்சல் கிளம்பியது. இத்தனை வருஷத்தில் அவர் திருப்பி வாங்கிய முதல் அறிக்கை அது. உடம்பு லேசாகும் என்று எதிர்பார்த்தார், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எத்தனை பேர் இந்த ஒரு மணி நேரத்துக்குள் அஞ்சலைத் திறப்பார்கள்? வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், செல்போனை அணைத்துவிட்டு ஷிஃப்டில் நிற்பவர்கள் எல்லாம் காலைச் சொல்லையே நம்பிக்கொண்டிருப்பார்கள்.

பதில்கள் வரத் தொடங்கின. நன்றி என்றார்கள் சிலர். ‘தப்பிச்சேன் அக்கா, விரல் வாங்குங்கற பொத்தான் மேலதான் இருந்துச்சு’ என்றார் ஒருவர். ‘காலையிலேயே வாங்கி எட்டு கீயும் போட்டாச்சு. உங்களை நம்பித்தான் போட்டேன்’ என்று எழுதியிருந்தார் இன்னொருவர். திட்டு எதுவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த ஒற்றை வரியை மூன்று முறை படித்தார்.

ஆறு அடித்தது. தொகுப்புப் பக்கத்தில் ‘வேண்டாம்’ என்ற பொத்தான் மறைந்தது.

“முடிஞ்சுதுக்கா,” என்றான் தம்பி, கையிலிருந்த மையைத் துணியில் துடைத்தபடி. “நம்மால முடிஞ்சதைப் பண்ணிட்டோம். எழுந்து முகம் கழுவு.”

அக்கா எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“நாலு வருஷத்துல எத்தனை கீ குலுக்கிப் போட்டிருக்கோம்?”

தம்பியின் கை துணியோடு நின்றது. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. கீ கொடுத்த ஒவ்வொரு முறையும் அக்கா திறக்காமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். மெக்கானிக்கைப்போல எழுதிக் கேட்கத் துணியாதவர்கள் எத்தனை பேரோ?

“அக்கா, அதெல்லாம் பழசு.”

“எத்தனைன்னு கேட்டேன்.”

அவன் கணினியில் தேடி, உதட்டுக்குள் எண்ணினான். “பதினாலு.”

“ஜெயிச்சவங்க நம்பர் இருக்கா?”

“பரிசு அனுப்ப வாங்கினது எல்லாம் இருக்கு. எல்லாரையுமா கூப்பிடப் போறே? என்னன்னு கேப்பே?”

“நாங்க குடுத்தது முழுசா இருந்துச்சான்னு கேப்பேன்.”

“இல்லைன்னுட்டா?”

“இல்லைன்னா இல்லைன்னு எழுதுவோம். முதல் நம்பரைச் சொல்லு.”

தம்பி மனைவியைப் பார்த்தான். அவள் ஒரு நாற்காலியை இழுத்து அக்காவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். தம்பி எண்ணை வாசித்தான். எதிர்முனையில் மணி நாலு முறை அடித்தது. ஐந்தாவதில் யாரோ எடுத்து, “யாருங்க?” என்றார்கள். மதிப்பு அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டு, முதலில் அப்பாவின் பெயரைச் சொன்னார். பிறகு தன் பெயரைச் சொன்னார்.